பால்கனி ஓட்டமும் என் கடைவாய்ப் பல்லும்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு பல் டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்னைப் பேசவிடாமல் செய்வதற்காகத்தான் என்று நம்பினேன். ஏதோ போகிற போக்கில் வந்த சந்தேகம் இல்லை. கருவி, நோக்கம், சாட்சி என்று முழு வழக்கையே ஜோடித்து வைத்திருந்தேன். கருவி, அவர் கையில் இருந்த குறடு. சாட்சி, வீங்கிப்போன என் கன்னம். நோக்கம், ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ்.

சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டிய வயதில், முகமூடி போட்ட ஒருத்தனுக்காக ஒரு டாக்டர் மேல் பொறாமைப்பட்ட கதை இது.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். வருஷம் முழுக்க அடுத்த வீட்டுக் கல்யாணத்து ஜாங்கிரியைத் தின்று பல்லைக் கெடுத்துக்கொள்வது உத்தியோகத்தோடு வருகிற சலுகை. ஆடி மாசம் பிறந்தால் மண்டபம் காலி. யாரும் அந்த மாசத்தில் தாலி கட்ட மாட்டார்கள். அதனால் எங்கள் காமிக்ஸ் வாசகர் கூட்டத்தின் வருடாந்திரக் கூட்டம் ஆடியில், மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடக்கும். "பந்தி போடாம எதை வேணா போட்டுக்கிடுங்க, பெருக்கி வச்சிட்டுப் போங்க" என்று முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். குத்தாலச் சாரல் காற்றில் ஏறி எங்கள் பக்கம்வரை லேசாகத் தூவும். ஜன்னலைச் சாத்திவிட்டு, பந்தி மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, நரைத்த தலைகள் எல்லாம் பறக்கிற மனிதர்களைப் பற்றிச் சண்டை போடுவோம்.

ஒரு சூப்பர் ஹீரோவை ஒரே ஆள் கடைசிவரை எழுதுவதில்லை. கதைக்காரரும் ஓவியரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஜோடி வந்து சில காலம் தொடர்ந்து செய்யும். பிறகு வேறு ஜோடி வரும். ஒரு ஜோடியின் கையில் இருந்த அந்தக் காலத்தை நாங்கள் 'ஓட்டம்' என்போம். ஊரே கொண்டாடும் ஓட்டங்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேச எங்கள் கூட்டம் தேவையில்லை. யாரும் சீந்தாத ஓட்டங்களைத் தூக்கிப் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புது பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போம் இல்லையா, அதே முறை. ஒரு ஓட்டத்தைப் பற்றி யார் முதலில் பேசுகிறாரோ அவர் அதில் துண்டு போட்டுவிட்டார் என்று அர்த்தம். மற்றவர்கள் அதில் உட்காரக் கூடாது. அதைப் புகழ்வதானாலும் திட்டுவதானாலும் துண்டுக்காரரைக் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று கேட்காதீர்கள். கன்னம் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

என் துண்டு கிடந்தது பால்கனி ஓட்டத்தில்.

கீழே விழுகிற எதையும் பார்வையாலேயே நிறுத்திவிடக்கூடிய ஒரு ஹீரோ. ஆரம்பத்தில் விமானம், கோபுரம், பாலம் என்று பெரிய பெரிய சமாச்சாரங்களாகத் தாங்கிக்கொண்டிருந்தான். பையன்கள் எல்லாம் அவன் பக்கம். பிறகு ஒரு புது ஜோடி வந்தது. வந்தவுடன் அவன் சக்தியில் பாதியைப் பிடுங்கிவிட்டது. இனிமேல் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்வரைதான் அவனால் ஒன்றைத் தாங்க முடியும். இமைத்தால் விழுந்துவிடும். அந்த ஜோடியின் உச்சம் ஒரே ஒரு இதழ். ஒரு பழைய வீட்டின் பால்கனி பெயர்ந்து தொங்குகிறது. அதில் வயசான தம்பதி. இவன் கீழே தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் கதை. கூட்டம் கூடுகிறது, கைதட்டுகிறது, சுண்டல் வாங்கித் தின்கிறது, பிறகு சலித்துப்போய் வீட்டுக்குப் போகிறது. மீட்பு வண்டி வந்து சேரவில்லை. அவன் கண் சிவந்து, தாரைதாரையாக வடிகிறது. கடைசியில் அவனோடு அந்தத் தெருவில் மிஞ்சுவது அவனுடைய பரம எதிரி மட்டும். அந்த வில்லன் மருந்துக் கடைக்குப் போய் ஒரு சின்னக் குப்பி வாங்கிவந்து, ஹீரோவின் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறான்.

இதைத் தமிழில், சாணித்தாளில், கறுப்பு வெள்ளையில் படித்தபோது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. வாசகர் கடிதப் பகுதியில் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். "ஒரு குத்துகூட இல்லை, எதற்கு இந்த அழுமூஞ்சி?" என்று எழுதினார்கள். கொஞ்ச நாளில் அந்த ஜோடியைத் தூக்கிவிட்டு, மறுபடியும் விமானம் தாங்கும் ஜோடியைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த ஓட்டத்தின் அருமை தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். தனியாக ரசிப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. சாப்பிடாமலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

வருஷா வருஷம் ஆடிக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவேன். கடைசியில் எந்த ஓட்டம் சிறந்தது என்று கை தூக்கச் சொல்வார்கள். என் ஓட்டத்துக்கு என் கை மட்டும் எழும். பெரும்பாலும் ஜெயிப்பது இரும்புக்கடை அண்ணாச்சி. கூட்டத்தின் தலைவர் அவர்தான். அவர் துண்டு போட்ட ஓட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் கட்டடம் இடியும். கம்பியும் சிமெண்டும் விற்கிற மனுஷனுக்கு வேறு எதைப் பார்த்தால் மனசு நிறையும்?

டாக்டரம்மாவைப் போன வருஷ ஆடிக் கூட்டத்துக்கு அழைத்துவந்ததும் அண்ணாச்சிதான். தன் மேல்வரிசைப் பற்களை அவரிடம் ஒப்படைத்த நன்றி. டாக்டரம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். பிறந்த ஊர் கடலோரத்து உவரி. பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே கிளினிக் வைத்திருந்தார். முதல் நாள் வழக்கப்படி, "உங்களுக்குப் பிடிச்ச ஓட்டம் எது டாக்டர்?" என்று கேட்டார்கள்.

"யாருக்கும் தெரியாது. பால்கனி ஒண்ணு இடிஞ்சு தொங்கும்லா, அந்த ஓட்டம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது. அதைப் பார்வையால் தாங்க யாரும் இல்லை.

"அதுல துண்டு கெடக்கு டாக்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். அண்ணாச்சி, "நாய் எலும்பைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சுவே உம்ம மூஞ்சி" என்று பிற்பாடு சொன்னார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஓ, அப்படியா? சரி அண்ணாச்சி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரில் மூத்த ஆண்கள் எல்லோருமே அண்ணாச்சிதான். என்னை அரித்தது அந்த 'சரி'. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். விட்டுக்கொடுக்கிற ஆளை நம்பவே கூடாது என்று என் மண்டப அனுபவம் சொன்னது. சம்பந்தி சண்டையில் முதலில் 'சரி' சொல்கிறவர்தான் முகூர்த்த நேரத்தில் கழுத்தை அறுப்பார்.

இந்த வருஷம் ஆடிக் கூட்டத்துக்கு ஒரு விசேஷம் சேர்ந்தது. புதிதாகக் காமிக்ஸ் போட ஆரம்பித்திருக்கும் ஒரு பதிப்பாளர் வருவதாகச் சொன்னார். "நீங்க கைதூக்கி எதைச் சொல்லுதீங்களோ அந்த ஓட்டத்தை மறுபதிப்பு போட முயற்சி பண்ணுதேன்" என்று அண்ணாச்சியிடம் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பால்கனி ஓட்டம் நல்ல தாளில் மறுபடியும் வரவேண்டும். ஆனால் என்னால் வரவேண்டும். அது வரவேண்டும் என்ற ஆசை பெரிதா, என்னால் வரவேண்டும் என்ற ஆசை பெரிதா என்று யாராவது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன்.

குளியலறையில் பேசிப் பழகினேன். "யார்கிட்ட இப்படிக் கெஞ்சிக்கிட்டு இருக்கீங்க உள்ள?" என்று கதவைத் தட்டினாள் மனைவி.

கூட்டத்துக்கு முந்தின வாரம் கடைவாய்ப் பல் தன் வேலையைக் காட்டியது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வலி காதுக்குள் ஏறி உட்கார்ந்தது. "ஒரு பல்லுக்கு இவ்வளவு அழுகையா? வண்டிய எடுங்க" என்று மனைவி கிளப்பினாள். பாளையங்கோட்டை மார்க்கெட் தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்ன இடத்தில் போர்டைப் பார்த்தேன். அதே டாக்டரம்மா. "வேற டாக்டரே இல்லையா இந்த ஊர்ல?" என்றேன். "இருக்காங்க. இவங்ககிட்டதான் கூட்டம் கம்மி" என்றாள். கூட்டம் கம்மியான டாக்டரிடம் பல்லைக் கொடுப்பது எப்படிப்பட்ட யோசனை என்று விவாதிக்க முடியாத அளவுக்கு வலித்தது.

"வாங்க அண்ணாச்சி. சாஞ்சு ஒக்காருங்க. பைய வாயத் தொறங்க. இன்னும் கொஞ்சம். மைக்கப் பிடிச்சா தொறப்பீயள்லா, அந்த அளவுக்கு."

திறந்தேன். கண்ணாடியும் கொக்கியும் உள்ளே போயின. நான் எதையும் சொல்ல முடியாத நிலைக்கு வந்த பிறகு அவர் ஆரம்பித்தார்.

"பால்கனி இதழ்ல, கண்ணுல மருந்து விடுத பக்கம் இருக்குல்லா? அதுல வில்லன் கை நடுங்கும். கவனிச்சிருக்கீயளா?"

"ஆ" என்றேன். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அந்த நிலையில் 'ஆ' தான் வரும். அந்த ஒரு விஷயத்தில் கொக்கி எனக்கு உதவியது.

"ஒரு சொட்டு தப்பா விழுந்தாலும் அவன் இமச்சிருவான். பால்கனி விழுந்திரும். ஊரையே அழிக்கணும்னு அலைஞ்சவன் கை, ஒரு சொட்டு மருந்துக்கு நடுங்குது. எனக்கு அந்த ஒரு பக்கம் போதும் அண்ணாச்சி."

நெஞ்சுக்குள் அடுப்பு பற்றியது. கை நடுங்குகிறதா? எந்தக் கை? இத்தனை வருஷமாக நான் அந்தப் பக்கத்தைப் பார்க்காத நாள் கிடையாது. அந்தக் கையைச் சுற்றி இரட்டைக் கோடு இருக்கும். சாணித்தாளில் அச்சுப் பிசகி விழுந்த கோடு என்று நினைத்திருந்தேன். நினைத்ததோடு விட்டேனா? "பாருங்க, அச்சு இவ்வளவு மோசமா இருந்தும் இந்த ஓவியம் எப்படி நிக்குது!" என்று கூட்டத்தில் வேறு சொல்லியிருக்கிறேன். போன வருஷம் இவர் முன்னிலையிலேயே சொல்லியிருக்கிறேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார் மனுஷி.

கொக்கியை எடுத்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார். "சொத்தை வேர்வரைக்கும் போயிட்டு. பிடுங்கத்தான் வேணும். ஆனா ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்குல்லா? மாத்திரை தாறேன். திங்கக்கெழம வாங்க, எடுத்துருவோம்."

யோசித்தேன். யோசித்தது நான் இல்லை, பொறாமை. மாத்திரை கொடுத்து அனுப்புவாராம். மேடையில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது வலி வெட்டி இழுக்கும். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். இவர் எழுந்து வந்து நடுங்குகிற கையைப் பற்றிப் பேசுவார். அப்படியா சேதி?

"இப்பவே பிடுங்குங்க" என்றேன்.

"வீங்குமே அண்ணாச்சி. ரெண்டு மூணு நாளைக்கு பேசச் செரமமா இருக்கும்."

"எனக்கா? மண்டபத்துல மைக் இல்லாம எட்டு பந்திய நடத்துதவன் நான். பிடுங்குங்க."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "அவரு சொன்னா சொன்னதுதான் டாக்டர், பிடுங்கிருங்க" என்றாள் இவள், கொஞ்சம் ஆர்வமாகவே.

பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தபோது உதடு மரத்துப்போய் அடுத்தவன் உதடு மாதிரி தொங்கியது. பாலத்தில் வரும்போது மனைவியிடம் ஏதோ சொல்லப் போனேன். வந்தது ஒரு குழறல். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதாக நினைத்தேன். திங்கள்கிழமை என்று சொன்னதே தந்திரம்! திங்கள் என்றால் நான் இன்றைக்கு என்பேன் என்று அவருக்குத் தெரியும். பிடுங்கச் சொன்னவன் நான் என்ற சின்ன விஷயத்தை என் வழக்கிலிருந்து சௌகரியமாக நீக்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். பால்கனி ஓட்டத்தின் இதழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலிதீன் உறையில், அந்துருண்டை வாசனையோடு இருக்கும். மனைவியின் பட்டுப் புடவைகளுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அந்தப் பக்கத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். மற்றக் கட்டங்களில் எல்லாக் கோடும் ஒற்றைக் கோடு. அந்த ஒரு கையைச் சுற்றி மட்டும்தான் இரட்டை. வில்லனின் கை நடுங்கத்தான் செய்தது. இதழை உறைக்குள் போட்டு பீரோவைப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் இடது கன்னம் முழுக் கொழுக்கட்டையை அடக்கியது போல இருந்தது. பதிப்பாளர் ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தார். அண்ணாச்சி முதலில் எழுந்து தன் ஓட்டத்தைப் பற்றி முழங்கினார். கட்டடங்கள் இடிந்தன. பதிப்பாளர் தலையாட்டினார். அடுத்தது என் முறை.

எழுந்தேன். குளியலறையில் பழகிய முதல் வரியைச் சொன்னேன். ழகரமும் சகரமும் கன்னத்திலேயே மாட்டிக்கொண்டன. பதிப்பாளர் மரியாதையாக முன்னால் சாய்ந்து கேட்டார். இரண்டாவது வரியில் எச்சில் ஒழுகியது.

"ஒக்காரும்வே" என்றார் அண்ணாச்சி. "பாவம்லா, வாய்க்குள்ள பந்தி நடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். டாக்டரம்மா ஒரு துணிப்பையோடு எழுந்தார். இதோ வருகிறது என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுங்கும் கை வரப்போகிறது. அச்சுப் பிசகு என்று நான் சொன்னதும் வரப்போகிறது.

அவர் மேடைப் பக்கம் போகாமல் நேரே என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, துண்ட எடுக்க வேண்டாம். நான் ஓரமா ஒக்காந்துக்கிடட்டுமா?"

மறுக்கவும் வாய் வேண்டும். பதிப்பாளர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினேன். பெருந்தன்மையான தலையாட்டல் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உள்ளே இருந்த பல் எல்லாம் நறநறவென்று அரைத்தன, மிச்சமிருந்த பல் எல்லாம்.

அவர் பையிலிருந்து இதழ்களை எடுத்தார். பால்கனி ஓட்டத்தின் இதழ்கள். உறை கிடையாது. உவரிக் கடற்காற்றில் பின்கள் துருப்பிடித்து, அட்டை மடங்கி, ஒன்றில் குழம்புக் கறைகூட இருந்தது. மேசையைச் சுற்றி நடந்து, இலை போடுகிற மாதிரி ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். "படிச்சு முடிச்சா வலது பக்கம் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஹாலில் மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும்தான். பந்தி மேசைகளில் இவ்வளவு அமைதியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பால்கனி இதழ் அண்ணாச்சியின் பக்கம் விழுந்திருந்தது. அவர் உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார். சுண்டல் விற்கும் பக்கத்தில் சிரித்தார். கூட்டம் கலையும் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அடுத்த பக்கம் தெரியும். அதில் என்ன வரும், எந்த மூலையில் குப்பி இருக்கும், எல்லாம் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு நொடியில் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார்.

டாக்டரம்மா மேல் அத்தனை மாசமாக நான் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. இரும்புக்கடை அண்ணாச்சியாக மாறி அந்தப் பக்கத்தைப் புரட்ட, மண்டபத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன். என்னுடையது இல்லை, ஆனாலும் கொடுத்திருப்பேன்.

புரட்டினார்.

"ஏ! இவன் கண்ணுல மருந்துல்லா விடுதான்!" என்று உரக்கச் சொன்னார். பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "கை நடுங்குதே இவனுக்கு."

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது அவருக்கு. கம்பி விற்கிறவருக்கு!

கடைசிப் பக்கம் முடித்து, இதழை வலது பக்கம் தள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏவே, இத்தன வருசமா இதத்தான் பேசிக்கிட்டு இருந்தீரா? ஒரு நாளாவது வாசிக்கக் குடுத்தீரா நீரு?"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன், பேச முடியாது என்கிற மாதிரி. அன்றைக்கு அந்த வீக்கத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே சமயம் அது.

"ரசிக்கத் தெரியாதவனுக்கு ஏன் குடுக்கணும்னு கேட்டாருல்லா ஒரு தடவை" என்று பின்வரிசையிலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். மறுபடியும் சிரிப்பு. பதிப்பாளர் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்த இதழை முடித்துவிட்டு, "இதுக்கு அடுத்தது யார்கிட்ட இருக்கு?" என்று சுற்றிலும் பார்த்தார்.

டீ வந்தது. ஆறியது. யாரும் எடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பல் சொத்தையாகியிருந்தது. திங்கள்கிழமை பிடுங்கலாம் என்றார் டாக்டர், அன்றைக்கே பிடுங்கச் சொன்னேன் நான். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதழ்களைக் கொடுத்தார், எல்லோரும் வாசித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது பால்கனி ஓட்டத்துக்கு அண்ணாச்சி உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.